பேச்சிக்குத் தெரிந்த ஒரு சொல்

1

என் பெயர் சண்முகத்தாய். சான்றிதழில் ‘சண்முக்’ என்று மட்டும்தான் இருக்கிறது. இங்கே மராட்டியில் அக்காவைத் ‘தாயி’ என்பார்கள். தெரிந்தவள் தெரியாதவள் யாராக இருந்தாலும் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு தாயி சேர்ப்பார்கள். பெயர் எழுதிக்கொண்ட அதிகாரி, என் பெயரில் இருந்த தாயும் அப்படி யாரோ மரியாதைக்குச் சேர்த்தது என்று நினைத்து வெட்டிவிட்டார். திருத்த வேண்டுமென்றால் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு செம்பூர் ஆபீஸுக்குப் போய் நிற்க வேண்டும். நான் போகவில்லை.

என் மகன் வாஷியில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளையோடு வந்தவன், சான்றிதழுக்குக் கண்ணாடி பிரேம் போட்டுக் கொண்டுவந்தான். தாராவியில் எங்கள் வீட்டுச் சுவர் பாதி தகரம், பாதி செங்கல். செங்கல் இருக்கிற இடமாகத் தட்டிப் பார்த்து, அவன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தான்.

"அம்மா, இனிமே யாரும் உன்ன ஆயான்னு சொல்ல முடியாது. அசிஸ்டன்ட். கவர்மென்ட் முத்திரை இருக்கு பாரு."

இத்தனை வருஷம் அவன் சிநேகிதர்களிடம் ‘அம்மா ஸ்கூல்ல வேலை பாக்கா’ என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வான். என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். அவனைக் குறை சொல்லவில்லை. மூத்திரமும் எச்சிலும் துடைக்கிற வேலையை எப்படிச் சொல்வது? அவன் மகள், என் பேத்தி, சான்றிதழை இங்கிலீஷில் வாசித்து இந்தியில் எனக்குச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை நான் எழுதி முடித்தாலும் அவளால் படிக்க முடியாது. அதுவும் ஒருவகையில் நல்லதுதான்.

நம் ஊர்க்காரர் சங்கத்திலிருந்து வந்து கேட்டார்கள். "ஆச்சி, இந்த வயசுல சர்ட்டிபிகேட் வாங்கிருக்கீங்க. நம்ம மலருக்கு நாலு வரி எழுதித் தாங்க. ஊர்ல உள்ளவங்களும் படிச்சு சந்தோஷப்படட்டும்." நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. கல்யாண வீட்டில்கூட பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் இருப்பேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்த தமிழ் இன்னும் கையில் இருக்கிறது, எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரியில் முடியவில்லை. சந்தோஷமாகவும் வரவில்லை. அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு டிரஸ்ட் நடத்துகிற பள்ளிக்கூடம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிருகிற இடம். உடம்போ புத்தியோ மற்றப் பிள்ளைகள் மாதிரி வளராத பிள்ளைகள் படிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் காலமான பிறகு கூட்டிப் பெருக்குகிற வேலைக்குத்தான் அங்கே போனேன். ஒரு நாள் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. பக்கத்தில் நான்தான் துடைப்பத்தோடு நின்றேன். டீச்சர் சொன்னபடி ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து துடைப்பம் வேறு கைக்குப் போய்விட்டது.

வேனிலிருந்து இறக்குவது, மடங்கின காலை நீவி நாற்காலியில் உட்காரவைப்பது, பருப்பும் சோறும் குழையப் பிசைந்து கன்னத்து ஓரமாக ஊட்டுவது, கக்கூஸுக்குக் கூட்டிப்போவது, கழுவிவிடுவது. எல்லாரும் என்னை மௌசி என்பார்கள். மராட்டியில் சித்தி. டீச்சரும் மௌசி, வேன்காரரும் மௌசி, பிள்ளைகளைப் பெற்றவர்களும் மௌசி. தமிழ் ஆட்கள் மட்டும் ஆச்சி.

ஊரில் இந்த மாதிரி வேலை ஒன்று உண்டென்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் கோமதிநாயகம் என்று ஒரு பையன் இருந்தான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். அவன் அம்மா வயல் வேலைக்குப் போகும்போது தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்துத் தூணில் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போவாள். பாசம் இல்லாதவள் இல்லை. கட்டாவிட்டால் கிணற்றில் விழுவான். அவன் கத்துவான். பசிக்குக் கத்துகிறான் என்று சோறு கொண்டு வைப்பார்கள். சோற்றைத் தள்ளிவிட்டு மறுபடி கத்துவான். கொழுப்பு என்பார்கள். எதற்குக் கத்தினான் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் வாய்ப்பாடு படித்தேன். ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனான். ‘தாய்க்கு விடுதலை’ என்றார்கள்.

ஊரைப் பற்றி இங்கே எல்லாரும் ஏங்கிப் பேசும்போது நான் சும்மா இருப்பேன். எனக்கு அந்தத் தூண்தான் ஞாபகம் வரும்.

3

பேச்சி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது எட்டு வயது. முழுப் பெயர் பேச்சியம்மாள். நம் பக்கத்துச் சாமி பெயர். காது கேட்கும், வாய் பேசாது.

"பேரு பேச்சி. பேச்சு மட்டுந்தான் இல்ல" என்று அவள் அம்மா முத்துலட்சுமி முதல் நாளே சொல்லிச் சிரித்தாள். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுகிற சிரிப்பு.

முத்துலட்சுமி தாராவியிலேயே பிறந்தவள். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மராட்டியில் ஏழு வரை படித்தவள். தையல் பட்டறையில் சட்டைகளுக்கு நூல் வெட்டுகிறாள். புருஷன் வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான், வந்தால் வருவான். வீடு மாடியில் ஒரு அறை. ஏறி இறங்க இரும்பு ஏணி. கக்கூஸ் வீட்டில் கிடையாது. சந்தின் கடைசியில் பொதுக் கக்கூஸ், அதற்கு ஒரு வரிசை. பேச்சியைத் தினமும் ஏணியில் இறக்கி வரிசையில் நிறுத்தி வைக்க முடியுமா? விடியற்காலையில் ஒரு தடவை கூட்டிப்போவாள். மற்ற நேரத்துக்கெல்லாம் டயபரைக் கட்டிவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் டயபர் இல்லாமல் பழக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்திரம் வருகிற நேரத்தில் கவுன் விளிம்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போவாள். அப்போது கூட்டிப்போய் உட்காரவைத்து, ‘ஆய்’ என்பேன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். பெரியதற்கும் அதுதான், சின்னதற்கும் அதுதான், கூட்டிப்போனால் சரி என்று அந்த ஒரு சொல்லையே வைத்துக்கொண்டேன். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு நாள் நான் இன்னொரு பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

"ஆ…ய்."

திரும்பிப் பார்த்தால் கவுனைப் பிடித்துக்கொண்டு பேச்சி நிற்கிறாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு அவள் சொல்வாள், நான் கூட்டிப்போவேன். ‘பழகிவிட்டாள்’ என்று டீச்சர் எழுதிக்கொண்டார். எப்படிப் பழகினாள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த வேலையில் தரை காய்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முத்துலட்சுமி வீட்டில் இதற்கு ‘வெளிய’ என்றுதான் சொல்வார்கள். மகள் நேரத்துக்குப் பழகிவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் முன்னால் பேச்சி அதைச் சொன்னதே இல்லை. வீட்டில் சொல்லித்தான் என்ன செய்ய, அங்கே கூட்டிப்போக இடம் இல்லையே.

4

போன வருஷம் பெரிய மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷி. நான் தரையில் உட்காரப் போனால் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

"மௌசி, புது உத்தரவு வந்திருக்கு. பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறவங்கதான் பிள்ளைகளத் தொட்டு வேலை செய்யலாம். உங்கள மாதிரி அனுபவம் இருந்து படிப்பு இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. ஞாயித்துக்கிழமை செம்பூர்ல வகுப்பு. அப்புறம் ஒரு அதிகாரி கேள்வி கேட்பார். பாஸானா உங்க அனுபவத்தையே பயிற்சின்னு ஏத்துக்கிடுவாங்க. அது வரைக்கும் நீங்க சமையலறையில இருங்க."

உத்தரவில் தப்பு இல்லை. பிள்ளைகளைக் கிள்ளுகிற ஆயாக்களை நான் பார்த்திருக்கிறேன். வலிப்பு வந்தால் வாயில் கரண்டியைத் திணிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று விடக் கூடாதுதான்.

என் இடத்துக்கு மான்குர்த்திலிருந்து சங்கீதா வந்தாள். மராட்டிப் பெண். பயிற்சி முடித்தவள். பிள்ளைகளை என்னைவிட நன்றாகத் தூக்குவாள். இடுப்பு வலிக்காமல் தூக்க முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று எனக்கே காட்டிக்கொடுத்தாள். எந்தப் பிள்ளை எப்படி என்று ஒரு காலை நேரம் முழுக்க அவளுக்குச் சொன்னேன். பேச்சி முறை வந்தபோது, "அவளே சொல்வாள், கூட்டிக்கொண்டு போ" என்றேன். என்ன சொல்வாள் என்று சொல்லவில்லை. நாற்பது வருஷமாக இந்த ஊரில் ‘ஆயி’ என்றால் அம்மா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மராட்டிப் பிள்ளை விழுந்தால் ஆயி, பசித்தால் ஆயி. ஆனாலும் பேச்சி வாயிலிருந்து வருவது என் காதுக்கு ஆய்தான். இன்னொருத்தி காதில் அது வேறாக விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

5

சமையலறை பின்பக்கம். குக்கர் சத்தத்தில் வகுப்புச் சத்தம் கேட்காது. எப்போதாவது சங்கீதா குரல் கேட்கும். "ஆயி யேணார் பாளா, ஆயி யேணார்." அம்மா வருவாள் கண்ணே, அம்மா வருவாள். யாரோ புதுப் பிள்ளை அழுகிறது என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் முத்துலட்சுமி பேடா டப்பாவோடு வந்தாள். டீச்சர்கள், வேன்காரர், வாட்ச்மேன் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். இடது கைப்பிடியில் பேச்சி.

"ஆச்சி, வாயத் தொறங்க."

"என்ன விசேஷம் முத்து? வீட்டுக்காரர் வந்துட்டாரா?"

"அவரு கெடக்காரு. தொறங்க மொதல்ல." ஒரு பேடாவை முழுதாக என் வாயில் வைத்தாள். "எம் புள்ள என்னையக் கூப்பிடுதா ஆச்சி! ஆயி, ஆயிங்கா. சங்கீதா தாயி வந்த புதுசுலயே என்கிட்ட கேட்டா, இப்படிச் சொல்லுதாளே, யாரைன்னு. நாந்தான்னு சொல்லிட்டு நானே நம்பல. இன்னைக்கு சீக்கிரம் வந்து வாசல் கேட்டுக்கு வெளிய நின்னேன். என்னையப் பாத்தா. பாத்துட்டு, ஆயின்னு… ஆச்சி, எனக்குக் காலு ஓடல. பதினோரு வருஷம். சங்கீதா தாயி மராட்டில பேசிப் பேசியே வரவச்சுட்டா, இல்ல? தமிழ்ல அம்மாங்கல, அதனால என்ன, வந்தது வரட்டும்!"

அப்போதுதான் நான் பேச்சியைப் பார்த்தேன். கவுன் விளிம்பு சுருண்டு அவள் கைக்குள் இருந்தது.

"ஆ…ய்" என்றாள், என்னைப் பார்த்து.

"பாத்தியளா! பாத்தியளா!" என்று முத்துலட்சுமி அவளைக் கட்டிக்கொண்டாள். வாயில் பேடாவை வைத்துக்கொண்டு நான் பேச்சியின் கையைப் பிடிக்கக் குனிந்தேன். அதற்குள் தரையில் ஈரம் பரவிவிட்டது. முத்துலட்சுமி சேலை நுனியெல்லாம் நனைந்தது.

"சந்தோஷத்துல பெய்துட்டா கழுத" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் தரைத் துணியை எடுத்துத் துடைத்தேன்.

6

மறுநாள் சங்கீதாவிடம் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ச்சீ மௌசி! உங்க பாஷையில அம்மாவும் கக்கூஸும் ஒண்ணா?" என்றாள். பிறகு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தினமும் அவளைக் கேட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேனே" என்றாள். "அங்கேயே நனைச்சுக்குவா. அம்மா வரலைன்னு ஏங்கி நனைக்கிறான்னு எழுதினேனே."

அவள் செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? புரியாத சொல்லைப் பெற்றவளிடம் கேட்டாள். பெற்றவள் ‘நான்தான்’ என்றாள்.

அன்றிலிருந்து பேச்சி அதைச் சொன்னதும் சங்கீதா கக்கூஸுக்குத்தான் கூட்டிப்போனாள். ஆனால் பேச்சி உள்ளே வரமாட்டேன் என்று கேட்டுப் பக்கம் இழுத்தாள். உட்காரவைத்தால் எழுந்தாள். அந்தச் சொல்லைச் சொன்னால் கேட்டுக்குப் போக வேண்டும் என்று இத்தனை மாதத்தில் பழகிவிட்டது. நான் ஒரு வருஷமாகப் பழக்கியதைவிட இது சீக்கிரம் பழகியிருந்தது, ஏனென்றால் கேட்டில் சாயங்காலம் உண்மையிலேயே அம்மா வந்தாள்.

பெரிய மேடமிடம் போனோம். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பேச்சி மாதக்கணக்கில் நனைப்பது ஏற்கெனவே மேலே போயிருந்தது. இந்த வயதிலும் சொல்லத் தெரியாத பிள்ளை என்றால் வீட்டுக் கல்வி. வாரத்தில் ஒரு நாள் ஒரு டீச்சர் வீட்டுக்கு வருவார், பள்ளிக்கூடம் கிடையாது. அதை முடிவு செய்ய வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வருகிறார்கள்.

"நான் உங்கள நம்புறேன் மௌசி" என்றார் மேடம். "ஆனா உங்க பேச்ச வச்சு நான் எழுத முடியாது. நீங்க இன்னும் பாஸாகல. அவ அம்மா சொல்லட்டும். இது கக்கூஸுக்குச் சொல்ற சொல்லு, எங்க வீட்டுப் பாஷைன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். மறுபடி பழக்கிக்கலாம்னு எழுதி இங்கேயே வச்சுக்குவேன்."

வியாழக்கிழமை முத்துலட்சுமி வீட்டுக்குப் போனேன். அந்த ஏணியில் ஏறுவது என் முழங்காலுக்குப் பெரிய வேலை. பட்டறையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளை மடியில் போட்டு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். பேச்சி சட்டைக் குவியலில் சாய்ந்திருந்தாள்.

"வாங்க ஆச்சி! ஏணியில ஏறி வந்துட்டியளே. டீ போடட்டா?"

"வேண்டாம் முத்து. நாளைக்கு வார ஆளுகட்ட நீ ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கவுனைப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் இரண்டு சட்டைக்கு நூல் வெட்டினாள்.

"ஆச்சி, உங்களச் சமையலறைக்கு அனுப்பிட்டாங்கன்னு உங்களுக்குக் கோவம்."

"சத்தியமா இல்ல தாயி."

"பின்ன? பொறந்ததுல இருந்து பீ அள்ளிருக்கேன். ஒரு நாளு அம்மான்னு கேட்டதில்ல. சந்துல ஒவ்வொரு புள்ளையும் கூப்பிடும்போது எனக்கு எப்படி இருக்கும்னு தெரியுமா? இப்ப ஒரு சொல்லு வந்திருக்கு. அதையும், இது ஒன்னைய இல்லட்டி, பீயத்தான் கூப்பிடுதான்னு சொல்ல ஏணி ஏறி வந்திருக்கிய."

அவள் மடியிலிருந்து நழுவிய சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"ஏ பேச்சி" என்று அவள் திரும்பினாள். "சொல்லு. ஆச்சிக்குச் சொல்லு. நான் யாரு?"

பேச்சி அம்மாவையே பார்த்தாள். அம்மாவின் மூக்குத்தியைத் தொட்டாள். கவுனைப் பிடிக்கவில்லை. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன், பிடிக்கவில்லை.

"ஆ…யி" என்றாள்.

முத்துலட்சுமி என்னைப் பார்த்த பார்வையில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. இதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஸ்கூல் இல்லைன்னா நீ பட்டறைக்குப் போகணுமே முத்து. புள்ளைய எங்க விடுவ?" என்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு வாரேன் ஆச்சி. பாப்போம்" என்றாள். பார்த்து இறங்குங்க என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

7

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஒரு சாரும் ஒரு அம்மாவும். கடுமையாகப் பேசவில்லை. முத்துலட்சுமியை உட்காரச் சொன்னார்கள். நான் டீ கொண்டுபோனேன். தட்டை வைத்துவிட்டுக் கதவு ஓரம் நின்றேன். மேடம் என்னைப் போகச் சொல்லவில்லை.

சார் மராட்டியில் கேட்டார். "உங்க பொண்ணு ஆயி, ஆயின்னு சொல்றாளாமே. யாரைச் சொல்றா? இல்ல, அதுக்கு வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?"

முத்துலட்சுமி கதவு ஓரம் பார்த்தாள், என்னை. பிறகு சங்கீதாவை. பிறகு பேச்சியை. பேச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துலட்சுமியின் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"மீச்" என்றாள். நான்தான். "மீச் திசீ ஆயி." நான்தான் அவளுக்கு அம்மா.

நான் பேசினேன். இத்தனை வருஷத்தில் பெரிய ஆட்கள் முன்னால் நானாகப் பேசியது அன்றுதான். "இல்ல சார். அவ கக்கூஸுக்குக் கேக்கா. நான் சொல்லிக்குடுத்த சொல்லு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். குரல் ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. பேச்சிகூடத் திரும்பிப் பார்த்தாள். சார் மேடமைப் பார்த்தார். மேடம், "சமையல் மௌசி. முன்னாடி இவங்கதான் பிள்ளையப் பார்த்துக்கிட்டாங்க" என்றார். வந்த அம்மா என்னைப் பார்த்து இதமாகச் சிரித்தார்.

"மௌசி, பெத்த அம்மாவே சொல்றாங்களே."

அவ்வளவுதான். வீட்டுக் கல்வி என்று எழுதிக்கொண்டார்கள். முத்துலட்சுமி டீயைத் தொடவில்லை. ஏடு படிந்து அப்படியே இருந்தது. போகும்போது என் பக்கம் திரும்பாமல் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இப்போதும் வரவில்லை. அன்று அவள் என்ன கொடுத்து என்ன வாங்கினாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

8

செம்பூரில் கேள்வி கேட்கிற நாள் வந்தது. என்னைப் போல நிறைய மௌசிகள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் பயத்தில் வெற்றிலையை மென்றபடி நின்றோம். உள்ளே போனதும் அதிகாரி பெயரைக் கேட்டார். தாயை வெட்டிய கதை அங்கேதான் நடந்தது. வலிப்பு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார், சொன்னேன். கை கழுவுவது எப்போது என்று கேட்டார், சொன்னேன். கடைசியாக ஒன்று.

"பிள்ளை ஏதோ சொல்லுது. உங்களுக்குப் புரியல. என்ன செய்வீங்க?"

வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில் எனக்குத் தெரியும். அதையே சொல்ல வேண்டும். முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அவர், "பயப்படாதீங்க, சொல்லுங்க" என்றார்.

"அம்மாகிட்ட கேப்பேன்" என்றேன்.

"சபாஷ்" என்று எழுதிக்கொண்டார்.

அப்படித்தான் அந்தச் சான்றிதழ் வந்தது. இப்போது என்னை மறுபடி பிள்ளைகளிடம் விட்டிருக்கிறார்கள். நானும் சங்கீதாவும் சேர்ந்து வேலை பார்க்கிறோம். புதுப் பிள்ளை ஏதாவது ஒன்று சொன்னால் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். அவள் மராட்டியில் யோசிப்பாள், நான் தமிழில் யோசிப்பேன். பேச்சியின் பெயரை மட்டும் எடுப்பதில்லை.

முத்துலட்சுமி காலையில் பேச்சிக்கு டயபர் கட்டி, தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் பட்டறைக்குப் போகிறாள். மத்தியானம் ஓடிவந்து ஊட்டிவிட்டு மறுபடி பூட்டிப் போவாள். வீட்டு டீச்சர் ஒரு தடவை வந்தாராம். ஏணி பாதியில் ஆடியதால் கீழேயே நின்று கையெழுத்து வாங்கிப் போனாராம்.

பள்ளிக்கூடத்துக்கு நான் அந்தச் சந்து வழியாகத்தான் போவேன். நேற்றுப் போகும்போது மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"ஆ…யி. ஆ…யி."

கீழ்வீட்டுக்காரி உத்தரப் பிரதேசத்துக்காரி, வாசலில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். "தினமும் இப்படித்தான். அம்மாவைத் தேடுது, பாவம்" என்றாள்.

நான் ஏணியில் ஏறினேன். கதவில் பெரிய பூட்டு. "பேச்சி" என்றேன். உள்ளே சத்தம் நின்றது. கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது தெரிந்தது. பிறகு இழுக்காமல், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, சின்னதாக ஒரு தடவை சொன்னாள்.

"ஆய்."

பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வாசலிலிருந்து கீழ்வீட்டுக்காரி கத்தினாள். "மௌசி, சாவி அவ அம்மாகிட்டத்தான் இருக்கு!"

கதவுக்கு அடியில் ஈரம் மெல்ல வெளியே வந்தது. டயபரை அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். அதை அவிழ்க்கவும் நான்தான் பழக்கினேன். முந்தானையால் கதவு ஓரத்தைத் துடைத்தேன். ஏணியில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேன் வருவதற்குள் போய் நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தொட எனக்கு இப்போது அனுமதி இருக்கிறது.